லாங்ஃபோர்டுக்குத் தேதி கிடைக்காத கதை

பழைய குத்துச்சண்டைக்காரர்களின் சண்டைப் பட்டியலை உட்கார்ந்து படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. தேதி, ஊர், எதிராளி, முடிவு. இவ்வளவுதான் அதில் இருக்கும். கொஞ்சம் பழகிவிட்டால் அந்த நாலு கட்டத்துக்குள் ஒரு மனிதரின் ஜாதகமே தெரிய ஆரம்பித்துவிடும். யார் யாரைத் துரத்தினார், யார் யாரிடமிருந்து நழுவினார், எந்த வருஷம் கையில் காசில்லாமல் போனது, எல்லாம்.

சாம் லாங்ஃபோர்டின் பட்டியலை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அச்சுப்பிழையோ என்று தோன்றும். ஜோ ஜெனெட். சாம் மெக்வே. மறுபடி ஜெனெட். ஹாரி வில்ஸ். மறுபடி மெக்வே. மறுபடி வில்ஸ். பக்கம் பக்கமாக இப்படியே போகும். இந்த மூன்று பேரில் ஒவ்வொருவரோடும் ஒரு டஜன் தடவைக்கு மேல் மோதியிருக்கிறார் லாங்ஃபோர்டு. நால்வரும் கறுப்பினத்தவர்கள், நால்வரும் ஹெவிவெயிட், நால்வருக்கும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பெரிய பணம் வரக்கூடிய வெள்ளைக்காரர்கள் இவர்களோடு ரிங் ஏறத் தயாராக இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு இவர்களே ஒருவரையொருவர் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். 1909 ஏப்ரலில் பாரிஸில் ஜெனெட்டும் மெக்வேயும் மோதியது 49 ரவுண்டு வரை போனது. ஜெனெட் இருபது தடவைக்கும் மேல் கீழே விழுந்து எழுந்தார். கடைசியில் எழ முடியாமல் உட்கார்ந்தது அவரில்லை, மெக்வே!

உலகப் பட்டம் ஜெயிக்காதவர்களிலேயே பெரிய ஆள் யார் என்று கேட்டால் நான் யோசிக்காமல் லாங்ஃபோர்டு பெயரைச் சொல்வேன். அடுத்த இடத்துக்கு வேண்டுமானால் சண்டை போடலாம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வேமவுத் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். அப்பாவின் அடி தாங்காமல் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, பசியோடு பாஸ்டன் வந்து சேர்ந்தார். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஜோ வுட்மன் ஒரு குத்துச்சண்டை கிளப்பும் நடத்திவந்தார். அதைக் கூட்டிப் பெருக்கத்தான் பையனைச் சேர்த்துக்கொண்டார். பெருக்குகிற நேரம் போக மற்றவர்களோடு பயிற்சிக்கு நின்ற பையன், கொஞ்ச நாளில் எல்லாரையும் போட்டுப் புரட்ட ஆரம்பித்தான். வுட்மன் மேனேஜர் ஆனார்.

உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் சொச்சம்தான். ஆனால் தோள் அகலம், உயரத்துக்குப் பொருந்தாத நீளமான கைகள். குத்து எங்கிருந்து கிளம்புகிறது என்றே எதிராளிக்குத் தெரியாது. அன்றைய பத்திரிகைகள் அவர் நிறத்தைத் தாரோடு சேர்த்து வைத்த பெயரை இன்று யாரும் அச்சில் போடக் கூசுவார்கள். பட்டம் தராத உலகம் பட்டப்பெயருக்குக் குறை வைக்கவில்லை.

1903 டிசம்பர் 8. பாஸ்டனில் ஜோ கேன்ஸோடு சண்டை. கேன்ஸ் அப்போது லைட்வெயிட் உலகச் சாம்பியன். அந்த எடையில் இதுவரை வந்த எல்லாரிலும் அவரை முதல் வரிசையில் வைக்கிறவர்கள் உண்டு. லாங்ஃபோர்டுக்கு இருபது வயதுதான் இருக்கும். 15 ரவுண்டு முடிவில் ஜெயித்தவர் லாங்ஃபோர்டு. கேன்ஸ் முந்தின ராத்திரிதான் ஃபிலடெல்ஃபியாவில் இன்னொரு சண்டை முடித்துவிட்டு வந்திருந்தார் என்பதையும் சொல்லிவிடணும். பட்டம்? கிடைக்கவில்லை. லைட்வெயிட் வரம்பைத் தாண்டிய எடையில் நடந்ததால் அது பட்டச் சண்டைக் கணக்கில் வராது.

அடுத்த வருஷம் செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் வெல்டர்வெயிட் சாம்பியன் பார்படோஸ் ஜோ வால்காட்டோடு மோதினார். பார்த்தவர்களில் பலர் லாங்ஃபோர்டுதான் மேல் என்றார்கள். டிரா என்று முடிவானது. டிரா என்றால் சாம்பியன் சாம்பியனாகவே வீட்டுக்குப் போவார்.

கவனிக்க வேண்டியது, கேன்ஸும் வால்காட்டும்கூடக் கறுப்பினத்தவர்கள்தான். சின்ன எடைகளில் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. ஹெவிவெயிட் சாம்பியன் என்றால் உலகத்திலேயே பலசாலி என்று அர்த்தம் பண்ணிக்கொண்ட காலம் அது. அந்த நாற்காலியில்தான் வேறு நிறத்தவர் உட்காரக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்கள். லாங்ஃபோர்டின் துரதிர்ஷ்டம், வயது ஏற ஏற உடம்பும் ஏறியது. திறந்திருந்த கதவுகளைக் கடந்து மூடின கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

இதற்கு அவர் முதல் ஆளில்லை. பீட்டர் ஜாக்சன் என்று ஒருவர், கரீபியத் தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். சாம்பியன் ஜான் எல். சல்லிவன், கறுப்பர்களோடு மோதமாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்து அவரைத் தவிர்த்தார். 1891இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜிம் கார்பெட்டோடு ஜாக்சன் மோதியது 61 ரவுண்டு. இருவருக்கும் கை தூக்கக்கூடத் தெம்பில்லாமல் முடிவின்றி நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே சல்லிவனை வீழ்த்திச் சாம்பியன் ஆனது கார்பெட். ஜாக்சன் காசநோயில் 1901இல் குவீன்ஸ்லாந்தில் செத்துப்போனார்.

இனி ஜாக் ஜான்சன். இங்கேதான் கதை சுலபமான கதையாக இல்லாமல் போகிறது.

1906 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் செல்சியில் ஜான்சனும் லாங்ஃபோர்டும் மோதினார்கள். ஜான்சன் சுமார் முப்பது பவுண்டு கூடுதல் எடை. 15 ரவுண்டிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது, ஜெயித்தது அவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் லாங்ஃபோர்டு இன்னும் வளர்கிற பிள்ளை. 1908 டிசம்பர் 26, சிட்னி: டாமி பர்ன்ஸை அடித்து ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இனிமேல் நமக்கும் வழி பிறக்கும் என்று லாங்ஃபோர்டும் ஜெனெட்டும் மெக்வேயும் நினைத்திருப்பார்கள்.

பிறக்கவில்லை. லண்டனில் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் லாங்ஃபோர்டோடு மோதுவதாக ஒப்புக்கொண்டிருந்த ஜான்சன், சாம்பியன் ஆன கையோடு அதிலிருந்து நழுவினார். வுட்மன் ஊர் ஊராகத் துரத்திச் சவால் விட்டார். பத்திரிகைகளில் எழுத வைத்தார். ஜான்சனோ வெள்ளைக்காரர்களோடு மட்டும் மோதினார். இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் விற்காது என்பது அவர் தரப்பு. 1913 டிசம்பரில் பாரிஸில் ஒரே ஒரு கறுப்பினத்தவருக்கு வாய்ப்புக் கொடுத்தார். யாருக்கு? பேட்லிங் ஜிம் ஜான்சன் என்ற ஓரளவு ஆளுக்கு. ஹெவிவெயிட் பட்டத்துக்கு இரு கறுப்பினத்தவர்கள் மோதியது அதுதான் முதல்முறை. அதிலும் சாம்பியன் கை உடைந்து, டிராவில் தப்பித்தார்.

ஜான்சன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு நாடே எதிர்த்து நின்றபோது தலை குனியாதவர். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை அவர் வீழ்த்திய இரவில் அமெரிக்கா முழுக்கக் கலவரம் நடந்து உயிர்ப்பலியே ஆனது. அப்படிப்பட்டவர் கணக்குப் போட்டதைத் தப்பென்று சொல்ல நான் யார்? லாங்ஃபோர்டோடு மோதினால் தோற்கிற வாய்ப்பு அதிகம், வருகிற காசு குறைவு. எந்த மேனேஜரும் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதனால்தான், ‘நிறவெறியால் லாங்ஃபோர்டு பட்டம் இழந்தார்’ என்று ஒரே வரியில் எழுதி முடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நிறவெறி வேலி போட்டது. வேலிக்கு உள்ளே போனவரும் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பெயர் வியாபாரம்.

‘அதிகாரபூர்வமாக’ ஜெயிப்பது என்ற சங்கதியையும் கொஞ்சம் பார்க்கணும். அன்றைக்குப் பல ஊர்களில் சண்டைக்கு முடிவு அறிவிப்பதே சட்டவிரோதம். நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை இருந்த ஃப்ராலி சட்டப்படி, நாக் அவுட் ஆகாமல் பத்து ரவுண்டும் முடிந்தால் ரெஃப்ரி யார் கையையும் தூக்கக்கூடாது. பெட் கட்டினவர்கள் மறுநாள் காலைப் பேப்பரைப் பார்த்துத்தான் காசு கொடுத்து வாங்குவார்கள். ஒரு சாம்பியன் பத்து ரவுண்டும் உதை வாங்கி, எழுந்து நின்றால் போதும். பட்டம் இடுப்பிலேயே இருக்கும். 1910 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெட்சலோடு லாங்ஃபோர்டு மோதியது இப்படி ஆறு ரவுண்டு, முடிவில்லாத சண்டை. நீண்ட ரவுண்டுகளில் மறுபடி மோதவிடுவது பற்றிப் பேச்சு நடந்தது. அக்டோபரில் கெட்சலை மிசௌரியில் ஒருவர் சுட்டுக் கொன்றுவிட்டார். அந்தக் கதவும் போச்சு.

லாங்ஃபோர்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை ஒன்று உண்டு. கடைசி ரவுண்டு தொடங்கும்போது இருவரும் கிளவுஸைத் தொட்டுக்கொள்வது வழக்கம். நடுவில் ஏதோ ஒரு ரவுண்டில் லாங்ஃபோர்டு கையை நீட்டினாராம். இன்னும் ரவுண்டு பாக்கி இருக்கிறதே என்று எதிராளி முழிக்க, உனக்கு இதுதான் கடைசி என்றாராம். அந்த ஆளைப் பற்றி இப்படியெல்லாம் கதை கிளம்பியது என்பதே போதும்.

1917இல் பாஸ்டனில் ஃப்ரெட் ஃபுல்டன் என்ற நெட்டையான ஆளோடு மோதியபோது இடது கண் போனது. வலது கண்ணிலும் பார்வை மங்க ஆரம்பித்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் சாப்பாட்டுக்கு? எதிராளி நிழலாகத்தான் தெரிவார். அவரை நெருங்கவிட்டு, உடம்பில் உடம்பு பட்டதும் எங்கே நிற்கிறார் என்று கணித்துக் குத்துவார். 1922 ஜூனில் அட்லாண்டாவில் டைகர் ஃபிளவர்ஸை இப்படித்தான் இரண்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். அந்த ஃபிளவர்ஸ்தான் 1926இல் முதல் கறுப்பின மிடில்வெயிட் உலகச் சாம்பியன் ஆகப்போகிறவர்! முக்கால் குருடாக, நாற்பதை நெருங்குகிற வயதில் அந்த நாக் அவுட். அடுத்த வருஷம் மெக்சிகோ போய் அந்த நாட்டு ஹெவிவெயிட் பட்டத்தையும் ஜெயித்தார். மெக்சிகோ பட்டத்தைக் கணக்கில் சேர்க்கமுடியாது, தெரியும். எனக்கு ஒரு ஆற்றாமை, எழுதிவைத்தேன்.

பிறகு ஆள் காணாமல் போனார். 1944இல் நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் நிருபர் ஆல் லேனி அவரைத் தேடி ஹார்லெம் முழுக்க அலைந்தார். கேட்ட இடத்திலெல்லாம் செத்துப்போய்ட்டாரே என்றார்கள். கடைசியில் ஒரு இருட்டறையில் உட்கார்ந்திருந்தார் லாங்ஃபோர்டு. முழுக் குருடு. பையில் சில சென்ட் காசு. லேனி எதிர்பார்த்தது ஒரு புலம்பலை. கிடைத்தது சிரிப்பும் பழங்கதையும். அந்தக் கட்டுரை வந்ததும் படித்தவர்கள் காசு அனுப்பினார்கள். பத்தாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது, மாதாமாதம் ஒரு தொகை வரும்படி ஏற்பாடு செய்தார்கள். 1956 ஜனவரியில் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் காலமானார். அதற்கு முந்தின வருஷம் ரிங் பத்திரிகை தன் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அந்த நால்வரில் ஒருவரான ஹாரி வில்ஸ் கதையில் எனக்குப் பிடித்தது செக் திரும்பிய படலம். 1915இல் ஜான்சன் பட்டத்தை இழந்ததிலிருந்து அடுத்த 22 வருஷத்துக்கு எந்தக் கறுப்பினத்தவரையும் ஹெவிவெயிட் பட்டத்தின் பக்கம் விடவில்லை. 1919இல் சாம்பியன் ஆன ஜாக் டெம்ப்ஸியோடு மோத முறைப்படி அடுத்த ஆள் வில்ஸ்தான் என்று நியூயார்க் குத்துச்சண்டை ஆணையமே சொல்லிக்கொண்டிருந்தது. ரீனோ சண்டையை நடத்திய புரோமோட்டர் டெக்ஸ் ரிக்கர்டு, அதன்பின் வெடித்த கலவரத்தை மனதில் வைத்து இழுத்தடித்தார். 1925இல் வேறொரு புரோமோட்டர் ஒப்பந்தம் போட்டு வில்ஸுக்கு 50,000 டாலர் முன்பணமும் கொடுத்தார். டெம்ப்ஸிக்குக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியது. சண்டை நின்றது. வில்ஸ் தன் ஐம்பதாயிரத்தைத் திருப்பித் தரவில்லை. ரொம்பச் சரி! அவர் அந்தக் காசையெல்லாம் ஹார்லெமில் வீடுகளாக வாங்கிப் போட்டு, வருஷத்துக்கு ஒரு மாதம் வெறும் தண்ணீர் குடித்து விரதமிருந்து, 1958 வரை நிம்மதியாக வாழ்ந்தார். டெம்ப்ஸியோ பிற்காலத்தில் தன் சுயசரிதையில், தான் பயந்த ஒரே ஆள் லாங்ஃபோர்டு என்று ஒத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபிறகு எழுதுவதில் யாருக்கும் கஷ்டமில்லை.

அடுத்த இடத்துக்குச் சண்டை போடலாம் என்றேனே, என் கை சார்லி பர்லியைக் காட்டும். பென்சில்வேனியாக்காரர், பிட்ஸ்பர்கில் வாழ்ந்தவர். 1936இல் ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்து, அதற்கு எதிராக பார்சிலோனாவில் நடக்கவிருந்த மக்கள் ஒலிம்பிக்ஸுக்குக் கப்பல் ஏறினார். இறங்கின நேரத்தில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்துப் போட்டியே ரத்தானது. அவர் அதிர்ஷ்டம் அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று வையுங்கள்.

ஃப்ரிட்ஸி ஸிவிக்கோடு மூன்று தடவை மோதி இரண்டு தடவை ஜெயித்தார். அந்த ஸிவிக் 1940இல் வெல்டர்வெயிட் சாம்பியன் ஆனார். பட்டத்துக்கு முதலில் நிற்க வேண்டியவர் பர்லி. ஆனால் அதற்குள் பர்லியின் ஒப்பந்தமே ஸிவிக் தரப்பின் கைக்குப் போயிருந்தது. ஒரே மேனேஜரின் இரண்டு ஆட்கள் ஒருவரோடொருவர் மோதமாட்டார்கள் அல்லவா? ஆளை ரிங்கில் அடிக்க முடியாவிட்டால் விலைக்கு வாங்கிவிடுவது! சரி, மிடில்வெயிட்டுக்குப் போகலாமென்றால் அங்கே சாம்பியன் டோனி ஸேல் 1942இல் கடற்படைக்குப் போய்விட்டார். போர் முடியும்வரை பட்டத்தை அப்படியே முடக்கி வைத்தார்கள். பர்லியின் மிகச் சிறந்த வருஷங்கள் அந்த முடக்கத்தில் கரைந்தன.

அந்த வருஷங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. சுமார் 150 பவுண்டு எடையோடு 220 பவுண்டு ஹெவிவெயிட் ஒருவரை ஆறு ரவுண்டில் உட்கார வைத்தார். 1944 ஏப்ரலில் ஹாலிவுட்டில் ஆர்ச்சி மூரைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளி ஜெயித்தார். ஹோல்மன் வில்லியம்ஸோடு மட்டும் ஏழு தடவை மோதினார். லாங்ஃபோர்டு காலத்துப் பட்டியலின் அதே நோய். வில்லியம்ஸ், லாயிட் மார்ஷல், கோகோ கிட், ஜாக் சேஸ், எடி புக்கர் என்று பெரும் திறமைசாலிகள் ஒரு கூட்டமாக வெளியே நின்று தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்தார்கள். எழுத்தாளர் பட் ஷுல்பெர்க் அவர்களுக்குக் கொலைகாரர் வரிசை என்று பெயர் வைத்தார். பர்லி ஜெயித்தது 83 சண்டைகள். ஒரு தடவைகூட நாக் அவுட் ஆனதில்லை. எஸார்டு சார்லஸிடம் இரண்டு தடவை தோற்றார், அதை மறைக்க வேண்டியதில்லை. சார்லஸ் பின்னால் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன்.

ஆர்ச்சி மூருக்கு மட்டும் கடைசியில் வாய்ப்புக் கிடைத்தது, 1952 டிசம்பரில். பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தபிறகு. சாம்பியன் ஜோயி மாக்சிமுக்கு ஒரு லட்சம் டாலர் உத்தரவாதம். ஜெயித்த மூர் வீட்டுக்குக் கொண்டுபோனது 800 டாலர். போதாக்குறைக்கு மாக்சிமின் மேனேஜர் ஜாக் கெர்ன்ஸுக்கு மூரின் ஒப்பந்தத்திலும் பங்கு. இந்தக் கெர்ன்ஸ் யார் தெரியுமா? அந்தக் காலத்தில் டெம்ப்ஸியின் மேனேஜராக இருந்தவர். பட்டத்துக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியாதா.

பர்லி ஓய்வு பெற்றபின் பிட்ஸ்பர்க் மாநகராட்சியில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். அக்கம்பக்கத்தில் வளர்ந்த ஒரு சிறுவன் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் வில்சன். பின்னாளில் அவர் எழுதி 1987இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘ஃபென்சஸ்’ நாடகத்தின் நாயகன், வாய்ப்பு மறுக்கப்பட்டுக் குப்பை அள்ளப் போன பேஸ்பால்காரன் டிராய் மாக்ஸன். பர்லியின் சாயலில் வந்தவன். டென்சல் வாஷிங்டன் நடித்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். பர்லி 1992இல் இறந்தார்.

சார்பட்டா பரம்பரை பார்த்துவிட்டு, நிஜச் சண்டை எதையாவது பார்க்கணும் என்று கேட்பவர்களுக்கு எல்லாரும் அலியைத்தான் காட்டுவார்கள். தாராளமாகப் பாருங்கள். கூடவே 1946இல் ஓக்லண்டில் பர்லி, பில்லி ஸ்மித்தோடு மோதிய படம் இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிஷம் ஏமாற்றமாக இருக்கும். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, எந்த வாத்தியாரும் சொல்லித்தராத மாதிரி நிற்பார். ஸ்மித்தின் குத்துகள் ஏன் படவில்லை என்று மட்டும் பாருங்கள். தலை ஒரு அங்குலம் நகர்கிறது, அவ்வளவுதான். நகர்ந்த அதே வேகத்தில் வலது கை போய் இறங்கிவிடும். லாங்ஃபோர்டு, ஃபயர்மேன் ஜிம் ஃப்ளின்னை வீழ்த்திய 1910ஆம் வருஷப் படமும் இருக்கிறது. பழைய படமாதலால் ஆட்கள் தடதடவென்று ஓடுவார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு பாருங்கள், இல்லாவிட்டால் அந்த இடது கை கண்ணுக்கே தெரியாது.